பழஞ்சட்டம் களையப் போராடிய அண்ணல் அம்பேத்கர்

காலம் கடந்துவிட்டது என்பதற்காக எந்தச் சட்டமும் தானே மறைந்துவிடுவதில்லை. அதனைப் படித்து, அதிலுள்ள தீமையை எடுத்துரைத்து, நீக்கச் செய்யக் கற்றவர் ஒருவர் வேண்டும். அண்ணல் அம்பேத்கர் அத்தகைய பெருமகனார்.

1891 ஏப்ரல் 14ஆம் நாள், மௌ இராணுவக் குடியிருப்பில் சுபேதார் இராம்ஜியின் மகனாக அவர் தோன்றினார். அவர் பிறந்த மகார் குலத்தினர், நம் பக்கத்து வெட்டியான்களைப் போல, பம்பாய் மாகாணக் கிராமங்களில் பரம்பரை ஊழியம் செய்து வந்தனர். அந்த ஊழியத்திற்குரிய மானியமே 'வதன்' எனப்பட்டது. 1874ஆம் ஆண்டின் பம்பாய்ப் பரம்பரைப் பதவிகள் சட்டம் இம்முறைக்கு அரணாக நின்றது. இரவு பகல் என்ற வரையறையின்றி எந்நேரமும் அழைப்புக்குச் செல்லவேண்டும். ஊழியர் ஊரில் இல்லையெனில் அவர் வீட்டார் வரவேண்டும். இதற்கு ஈடாகக் கிடைத்தவை சிறிதளவு மானிய நிலமும், குடிகள் தரும் 'பலுதா' என்னும் தானியமுமே. அத்தானியமும் குடிகள் மனமுவந்தால்தான் கிட்டும்.

அமெரிக்காவிலும் இலண்டனிலும் உயர்கல்வி கற்றுப் பாரிஸ்டராகத் திரும்பிய அண்ணல், பம்பாய்ச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினரானார். 1928 மார்ச் 19இல் அச்சட்டத்தைத் திருத்த ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். பலுதாவைப் பணமாக்கி நிலவரியுடன் அரசே வசூலித்துத் தரவேண்டும். விரும்புவோர் ஊழியத்தினின்று விடுபட்டு, நிலத்தைத் தீர்வை செலுத்தி வைத்துக்கொள்ள வழி வேண்டும் என்பன அதன் நோக்கங்கள்.

மன்றத்தில் எதிர்ப்பு வலுத்தது. மசோதாவின் உயிர்நாடியே சிதைக்கப்பட்டமையால், 1929இல் அதனைத் திரும்பப் பெற்றார். மானிய நிலம் கைவிட்டுப் போகுமோ எனத் தம் மக்களுள்ளும் சிலர் அஞ்சினர். அவர் தளரவில்லை. 1937இல் தேர்தலில் வென்று மீண்டும் மன்றம் புகுந்தபோது, அதே கோரிக்கையை மீண்டும் எழுப்பினார்.

அவர் தலைமையிலான குழு வரைந்த அரசியலமைப்புச் சட்டம் 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்தது. அடிப்படை உரிமைக்கு முரணான பழஞ்சட்டங்கள் அம்முரணின் அளவுக்குச் செல்லா என 13ஆம் பிரிவு விதித்தது. 23ஆம் பிரிவு கட்டாய வேலையைத் தடைசெய்தது. எனினும் வதன் முறை ஏட்டிலே நீடித்தது. 1956 டிசம்பர் 6இல் அண்ணல் மறைந்தார். 1958இல்தான் கீழ்நிலைக் கிராம வதன்களை ஒழிக்கும் சட்டம் பம்பாயில் இயற்றப்பட்டது. தாம் விதைத்ததன் விளைச்சலை அவர் காணவில்லை.

இளைஞர்களே! நம்மைப் பற்றிய சட்டங்களையும் ஆணைகளையும் நாமே படித்தறிதல் வேண்டும். கல்வி வேலைக்கு மட்டும் அன்று. அநீதி எந்த வரியில் ஒளிந்திருக்கிறது என்று கண்டறிவதற்கும் ஆகும்.