ரமணரின் பார்வை மனோவசியமா?

திருவண்ணாமலை ரமணாசிரமத்தின் ஹாலில் சோபாவில் சாய்ந்து அமர்ந்திருப்பார் ரமண மகரிஷி. வந்தவர்களைப் பார்ப்பார், பல வேளைகளில் ஒரு வார்த்தையும் பேசமாட்டார். ஆயினும், சிறிது நேரத்தில் பலருடைய மனம் அடங்கிவிடும். இதைக் கண்டு, கண்ணாலேயே ஆளைக் கட்டிப்போடும் மெஸ்மெரிஸம் இது என்று ஐயுற்றவர்களும் உண்டு. அந்த ஐயத்துக்கு அவருடைய வாழ்க்கையே விடை.

1879 டிசம்பர் 30-ல் திருச்சுழியில் சுந்தரமய்யருக்கும் அழகம்மாளுக்கும் பிறந்தவர் வேங்கடராமன். பையனுக்குக் கும்பகர்ணத் தூக்கம். விழித்திருக்கும்போது அவனிடம் நெருங்க அஞ்சிய பிள்ளைகள், தூங்கும்போது தூக்கிப்போய் அடித்துவிட்டுத் திரும்பவும் படுக்க வைத்துவிடுவார்களாம். அவனுக்கு ஒன்றுமே தெரியாது.

1896 ஜூலையில், மதுரையில் சித்தப்பா வீட்டில் தனியே இருந்தபோது அவனைத் திடீரென்று மரண பயம் பற்றியது. பிணம்போல் படுத்து, சாவது எது என்று தனக்குள்ளேயே ஆராய்ந்தான். அருகே குருவும் இல்லை; தூங்கு என்று கட்டளையிடும் வசியக்காரனும் இல்லை. செப்டம்பர் 1-ல் அண்ணாமலையார் சந்நிதியை அடைந்தான். ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கத்தருகே பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கியும் அந்த இளம் துறவி அசையவில்லை. சேஷாத்ரி சுவாமிகள் அவரைக் காத்துவந்தார்.

உடல் வலியை மனம் மறப்பது மருத்துவம் அறியாததன்று. வங்காளத்து ஹூக்ளியில் 1845-ல் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து டாக்டர், நோயாளிகளை மெஸ்மெரிஸத்தால் மயங்கச் செய்து கட்டிகளை அறுத்தார். ஈதரும் குளோரோபாரமும் வராத காலம் அது. மெஸ்மர் சொன்ன காந்த சக்தி பொய் என்று 1784-லேயே பாரிஸ் விசாரணைக் குழு கண்டறிந்திருந்தது. 1843-ல் ஜேம்ஸ் பிரெய்டு இந்த வித்தைக்கு ஹிப்னாடிசம் என்ற பெயரை நிலைநாட்டினார். கிரேக்க மொழியில் தூக்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர்.

ஆனால் அது தூக்கமன்று. ஒன்றிலே குவிந்த கவனம். உட்பட்டவர் பொம்மையாகிவிடுவதில்லை; தாம் விரும்பாததை மறுக்கவும் முடியும். எல்லோரும் ஒரே அளவில் அதற்கு வசப்படுவதுமில்லை. அந்நிலையில் திரும்பி வரும் நினைவெல்லாம் மெய்யென்று கொள்ளவும் கூடாது. வலியையும் அச்சத்தையும் தணிக்கப் பயிற்சி பெற்ற மருத்துவர் கையில் அது உதவும். மற்ற மருத்துவத்துக்கு மாற்றாகாது.

மகரிஷியின் வழி வேறு. 1902-ல் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு, மௌனமாக இருந்த அவர் எழுதிக் காட்டிய விடைகளே 'நான் யார்?' என்ற நூலாயின. மனம் தற்காலிகமாக ஒடுங்குவது லயம். அது மீண்டும் எழும். ஆகவே மயக்க நிலையிலே திருப்தியடைந்து நிற்கலாகாது என்பது அவர் போதனை. வசியம் செய்பவன் தன் சொல்லைப் பிறர் மனத்தில் பதிக்கிறான். மகரிஷியோ கேட்டவனைக் கேட்டவனிடமே திருப்பி அனுப்பினார். விழித்திருந்து விசாரிக்கச் சொன்னார்.

கடைசிச் சோதனை 1948 இறுதியில் வந்தது. இடது முழங்கை அருகே ஒரு கட்டி எழுந்தது. அது புற்றுநோய் எனத் தெரிந்தது. 1949-ல் நான்கு முறை அறுவை நடந்தது. ரேடியம் சிகிச்சையும் அளித்தார்கள். சங்கற்பத்தால் நோயைப் போக்கிக்கொள்ளும்படி அன்பர்கள் கண்ணீர் விட்டு வேண்டினார்கள். மகரிஷி அதற்கு இசையவில்லை. கையையே எடுத்துவிடலாம் என்ற யோசனையையும் ஏற்கவில்லை. டாக்டர்கள் செய்த சிகிச்சைக்கு உடலைக் கொடுத்தார். தரிசனத்தை மட்டும் நிறுத்தவிடவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு உடலை விட்டார்.

வசிய சக்தியைக் காட்டிப் பெயரெடுக்க விரும்பியவருக்கு அதைவிடச் சிறந்த தருணம் வாய்த்திராது. அப்போதும் அவர் வித்தை எதுவும் காட்டவில்லை. ஐயுற்றவர்களுக்கு அதுவே போதுமான பதில்.