ஓலே எவின்ரூட்

சாலையில் செல்லும் வண்டி பழுதாகி நின்றால் இறங்கி நடக்கலாம். நடுநீரில் படகின் இயந்திரம் நின்றுவிட்டால் நடப்பதற்கு இடமில்லை. கயிற்றை மீண்டும் மீண்டும் இழுத்துக்கொண்டு, காற்று தள்ளும் திசையில் மிதக்க வேண்டியதுதான். படகின் பின்பலகையில் மாட்டிக் கொள்ளவும், வேலை முடிந்ததும் கழற்றித் தூக்கிச் செல்லவும் ஏற்ற இயந்திரத்தை வெளிப்பொருத்து இயந்திரம் என்பர். அதனைப் பல்லாயிரம் மக்களின் கைக்குக் கொண்டு சேர்த்தவர் ஓலே எவின்ரூட்.

ஓலே 1877ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் நார்வே நாட்டில் பிறந்தார். அவர் ஐந்து வயதுச் சிறுவராக இருந்தபோது, அவருடைய குடும்பம் பிழைப்பைத் தேடி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து அமெரிக்காவில் குடியேறியது. கப்பலில் மற்ற சிறுவர்கள் விளையாடிக்கொண்டிருக்க, ஓலே மட்டும் இயந்திர அறையை நோக்கியே ஓடினார் என்றும், தாயார் அவரைத் தேடித்தேடி அழைத்து வந்தார் என்றும் கூறுவர். விஸ்கான்சின் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் என்னும் சிற்றூருக்கு அருகே, ரிப்ளி ஏரியை அடுத்து அக்குடும்பம் வேளாண்மை செய்தது. வயல்வேலைக்கு ஆள் தேவைப்பட்டதால் ஓலேயின் பள்ளிப்படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றுபோயிற்று.

ஏரி அருகில் இருந்தது, மரமும் கிடைத்தது. ஓலே யாருக்கும் தெரியாமல் பாய்மரப் படகு ஒன்றைக் கட்டத் தொடங்கினார். அதைக் கண்ட தந்தை, உழவு வேலை கெடுமே என்று சினந்து, அப்பலகைகளை உடைத்து விறகாக்கிவிட்டார். மகன் மனம் தளரவில்லை. தந்தை வெளியூர் சென்ற காலம் பார்த்து மற்றொரு படகைக் கட்டி முடித்தார். அந்தப் படகு மிதந்ததோடு, ஏரியில் உலாவ வந்தவர்களை ஏற்றிச் சென்று பணமும் ஈட்டித் தந்தது. அதன்பின் தந்தையின் எதிர்ப்பு குறைந்தது.

பதினாறாம் வயதில் ஓலே மேடிசன் நகருக்குச் சென்று பட்டறை வேலையில் சேர்ந்தார். பகலில் உழைத்து, இரவில் பொறியியல் நூல்களைத் தாமே படித்தார். பிட்ஸ்பர்க், சிகாகோ முதலிய தொழில்நகரங்களில் இரும்பையும் இயந்திரங்களையும் பற்றிய அறிவைப் பெருக்கிக்கொண்டு, 1900ஆம் ஆண்டளவில் மில்வாக்கி நகரில் நிலைபெற்றார். அங்குப் பங்காளி ஒருவருடன் சேர்ந்து பெட்ரோல் இயந்திரங்கள் செய்யும் பட்டறையை நடத்தினார். அப்பட்டறையின் கணக்குகளையும் கடிதங்களையும் கவனித்துவந்த பெஸ் கேரி என்னும் பெண்மணியை 1906ஆம் ஆண்டில் மணந்துகொண்டார்.

வெளிப்பொருத்து இயந்திரத்தின் பிறப்பைப் பற்றி இனிய கதை ஒன்று வழங்குகிறது. கோடைநாள் ஒன்றில் ஓலே, பெஸ் முதலானோர் மில்வாக்கிக்கு அருகிலுள்ள ஓக்காச்சி ஏரியின் தீவு ஒன்றில் விருந்துண்டு மகிழ்ந்தனர். பெஸ் பனிக்கூழ் கேட்டார். ஓலே வெயிலில் நெடுந்தொலைவு துடுப்பு வலித்துக் கரைக்குச் சென்று வாங்கிவந்தார். திரும்பி வருவதற்குள் பனிக்கூழ் உருகிப் பாலாகிவிட்டது. துடுப்புக்கு மாற்று வேண்டும் என்னும் எண்ணம் அன்று தோன்றியது என்பர். ஆனால், டெட்ராய்ட் நகரைச் சேர்ந்த கேமரூன் வாட்டர்மேன் இத்தகைய இயந்திரங்களை அதற்கு முன்பே செய்து விற்கத் தொடங்கியிருந்தார் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. ஓலே முதல்வர் அல்லர். நம்பிப் பயன்படுத்தத்தக்க இயந்திரத்தைச் செய்தவர் என்பதே அவருக்குரிய பெருமை.

அவருடைய முதல் வடிவத்தைக் கண்ட பெஸ், காப்பிக்கொட்டை அரைக்கும் கருவியைப் போலிருக்கிறதே என்று கேலி செய்தாராம். 1909ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இயந்திரம் ஒற்றை உருளையும் ஒன்றரைக் குதிரைத்திறனும் கொண்டது. அதன் எடை 62 பவுண்டு, அதாவது சுமார் 28 கிலோகிராம். விலையும் 62 டாலர்! நண்பர் ஒருவர் அதனை இரவல் வாங்கிச் சென்று, திரும்பும்போது பத்து இயந்திரங்களுக்கு முன்பணத்தோடு வந்தார் எனக் கூறப்படுகிறது.

அந்த இயந்திரத்தைக் கிளப்புவது எளிதன்று. இயந்திரத்தின் தலையில் கனத்த சக்கரம் ஒன்று இருக்கும். அதன் விளிம்பிலுள்ள கைப்பிடியைப் பற்றி வேகமாகச் சுழற்ற வேண்டும். சில வேளைகளில் சக்கரம் எதிர்த்திசையில் உதைத்து விரல்முட்டிகளைப் பதம் பார்த்துவிடும். நனைந்த மின்கலம், அழுக்கேறிய பொறிமுனை, நீர் கலந்த பெட்ரோல் இவற்றுள் ஒன்றே போதும். எத்தனை முறை சுழற்றினாலும் இயந்திரம் வாய் திறவாது.

ஏன் கிளம்பவில்லை என்று கண்டறியும் முறை அன்றும் இன்றும் பெரிதும் மாறவில்லை. இத்தகைய இயந்திரம் உயிர்பெற மூன்று வேண்டும்: எரிபொருள், தீப்பொறி, உருளைக்குள் அழுத்தம். இக்காலத்து இயந்திரமாயின், முதலில் பாதுகாப்புக் கயிற்றின் கொக்கி அதற்குரிய இடத்தில் மாட்டியிருக்கிறதா, கியர் நடுநிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரிய பழுது என்று அஞ்சி இயந்திரத்தைப் பிரித்தபின், கொக்கி கழன்றிருந்ததே காரணம் என்று தெரியவருவது உண்டு. அடுத்து எரிபொருள். தொட்டியில் பெட்ரோல் இருந்தாலும், மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டிருந்தால் அது கீழே இறங்காது. உள்ளே காற்று புகுந்தால்தான் எரிபொருள் வெளியேறும்.

இனித் தீப்பொறி. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அதுவே பாதி விடையைச் சொல்லிவிடும். பலமுறை கயிற்றை இழுத்த பிறகும் அது உலர்ந்திருந்தால் எரிபொருள் உருளையை அடையவில்லை. நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது. ஒன்று பொறி எழவில்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறிப் புகுந்து நிறைந்துவிட்டது. அப்போது சோக்கை மூடிவைத்து மேலும் மேலும் இழுப்பது நிலைமையைக் கெடுக்கும். பிளக்கைத் துடைத்து உலர்த்தி, சோக்கைத் திறந்துவிட்டு, சற்றுப் பொறுத்து முயல வேண்டும். பெட்ரோல் ஆவி எளிதில் தீப்பற்றும். ஆதலால் இவ்வேலை பழகிய பெரியவர்களுக்கே உரியது. இவையெல்லாம் சரியாக இருந்தும் கயிறு தடையின்றி இலேசாக வருமானால், உருளைக்குள் அழுத்தம் இல்லை என்பது பொருள். அதைப் பட்டறையில்தான் சரிசெய்ய இயலும். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்களையும் மீனவர்கள் பயன்படுத்துகின்றனர். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் பற்றாது என்பதால், பெட்ரோலில் கிளப்பிச் சூடேறிய பின்னரே அதற்கு மாற்றுவர்.

ஓலேயின் தொழில் பெருகியது. துடுப்பை எறிந்துவிடுமாறு மக்களை அழைக்கும் விளம்பரத்தை பெஸ் எழுதினார். 1911ஆம் ஆண்டில் காப்புரிமை கிடைத்தது. கிறிஸ் மேயர் என்பவர் முதலீடு செய்து பங்காளியானார். கடல்கடந்து, ஸ்காண்டிநேவிய மீனவர்களும் இயந்திரங்களை வாங்கினர். ஆனால், ஓயாத உழைப்பு பெஸ்ஸின் உடல்நலத்தைக் கெடுத்தது. முதல் உலகப்போர் தொடங்கிய காலத்தையொட்டி, ஓலே தம் பங்கை மேயரிடமே விற்றுவிட்டு விலகினார். ஐந்தாண்டுகள் இத்தொழிலில் ஈடுபடுவதில்லை என்றும் உறுதியளித்தார். நன்றாக வளர்ந்துகொண்டிருந்த தொழிலை மனைவியின் நலத்துக்காகக் கைவிட்டு, குடும்பத்தோடு பயணங்களில் காலம் கழித்தார்.

ஓய்விலும் அவர் கைகள் சும்மா இருக்கவில்லை. இரும்புக்கு மாற்றாக அலுமினியத்தைப் பெரிதும் பயன்படுத்தி, இரட்டை உருளை கொண்ட புதிய இயந்திரத்தை வடிவமைத்தார். பழையதைப்போல் இருமடங்கு ஆற்றல், மூன்று குதிரைத்திறன். எடையோ 48 பவுண்டு, சுமார் 22 கிலோகிராம்தான். சக்கரத்தைப் பலமுறை சுழற்றி விரல் நோவவும் தேவையில்லை. சிறிதளவு திருப்பினாலே கிளம்பிவிடும் என்பது அதற்குக் கிடைத்த பெயர். ஓலே அதனை முதலில் மேயரிடமே காட்டினார். மேயர் ஏற்கவில்லை. ஆகவே 1920களின் தொடக்கத்தில் எல்ட்டோ என்னும் புதிய நிறுவனம் தோன்றியது. எவின்ரூட் என்னும் பெயர் பழைய நிறுவனத்தின் உடைமையாகிவிட்டதால், தம் பெயர் தாங்கிய இயந்திரங்களோடே ஓலே போட்டியிட நேர்ந்தது. பெயரை விற்றவருக்கு நேரும் இந்த இக்கட்டைக் குறித்து அவர் முறையிட்டுக்கொண்டிருக்கவில்லை. மேலும் நல்ல இயந்திரங்களைச் செய்தார்.

1929ஆம் ஆண்டில் இரு நிறுவனங்களும் வேறொன்றுடன் இணைந்து ஒன்றாயின. அதன் தலைமையை ஓலே ஏற்றார். இழந்த பெயரும் அவரிடம் மீண்டு வந்தது. மறுஆண்டில் பொத்தானை அழுத்தி மின்விசையால் கிளப்பும் இயந்திரமும் வெளிவந்தது. 1933ஆம் ஆண்டில் பெஸ் மறைந்தார். அடுத்த ஆண்டு ஜூலை 12ஆம் நாள், தம் ஐம்பத்தேழாம் வயதில், ஓலே மில்வாக்கியில் காலமானார். தொழிலை அவர்களுடைய மகன் ரால்ஃப் ஏற்று நடத்தினார்.