ஒரே மெஷின், பல முகவரி: ஜான் போஸ்டல்

உங்க லேப்டாப்ல விர்ச்சுவல்பாக்ஸ் இருக்கும். உள்ள ஒரு உபுண்டு. ஹோஸ்ட்ல விபிஎன் ஓடிட்டிருக்கு, ஆனா விஎம் மட்டும் அந்த விபிஎன்ல போகாம நேரா வெளியே போகணும். செட்டிங்ஸ்ல நாட்-னு இருந்ததை பிரிட்ஜ்டு-னு மாத்துறீங்க. ரெண்டு கிளிக், வேலை முடிஞ்சுது. ஒரே வைஃபை கார்டு, ஒரே பேட்டரி, ஆனா நெட்வொர்க்கோட பார்வையில இப்ப அங்க இருக்கிறது ரெண்டு கம்ப்யூட்டர்.

இப்படி ஒரு மெஷின் பல மெஷினா நடிக்கலாம்னு யாரோ முன்னாடியே ஒத்துக்கிட்டாதான் இது நடக்கும். அந்த ஒப்புதல் 1981 செப்டம்பர்ல வந்த ஆர்எஃப்சி 791ல இருக்கு. ஐபி-க்கான ஆவணம் அது. ஒரு பௌதிகக் கணினி, பல தனித்தனி முகவரிகளை வெச்சுக்கிட்டு பல ஹோஸ்ட் போல செயல்பட முடியணும்னு அதுல ஒரு நிபந்தனை வருது. அந்த ஆவணத்தைத் தொகுத்தவர் ஜான் போஸ்டல். வின்ட் செர்ஃப், பாப் கான் பேரு நம்ம சிலபஸ்ல வரும். இவர் பேரு பெரும்பாலும் வராது. அதனால இந்த இதழ்ல இவர் கதை.

1943 ஆகஸ்ட் 6, கலிஃபோர்னியாவுல ஆல்டடீனாங்கிற ஊர்ல பிறந்தார். படிச்சது வான் நைஸ் உயர்நிலைப் பள்ளி. வின்ட் செர்ஃப், ஸ்டீவ் க்ராக்கர் ரெண்டு பேரும் அதே பள்ளிதான். பிறகு யுசிஎல்ஏ-வில் 1966ல் இளநிலைப் பட்டம், 1968ல் முதுநிலை, 1974ல் முனைவர் பட்டம். அங்க லெனர்ட் க்ளைன்ராக்கோட குழுவில் மாணவரா இருந்தப்பதான், 1969 அக்டோபர் 29ஆம் தேதி ஆர்பாநெட்டோட முதல் செய்தி அந்த ஆய்வகத்திலிருந்து கிளம்புச்சு.

அப்ப அங்க இருந்தவங்க எல்லாரும் நம்மள மாதிரி ஸ்டூடன்ட்ஸ்தான். முடிவுகளை எழுதி வைக்க க்ராக்கர் ஆர்எஃப்சி-னு ஒரு வரிசை ஆரம்பிச்சார். கருத்து சொல்லுங்கன்னு கேக்குற குறிப்புன்னுதான் அதுக்கு அர்த்தம். உத்தரவு போடுற தொனி வரக்கூடாதுன்னு அப்படி ஒரு பேரு. அந்தக் குறிப்புகளைத் திருத்தி, நம்பர் போட்டு, வெளியிடுற வேலையை போஸ்டல் எடுத்துக்கிட்டார். சாகுற வரைக்கும் விடல.

கூடவே இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. ரெண்டு பேர் தங்களோட ரெண்டு புரோகிராமுக்கு ஒரே நம்பர் வெச்சுக்கிட்டா என்ன ஆகும்? குழப்பம்தான். யாராவது ஒருத்தர் பட்டியல் வெச்சுக்கணும். 1972 மே மாசம் ஆர்எஃப்சி 349ல அந்த நம்பர் பட்டியலுக்கு ஒரு அதிகாரி வேணும், அது நானே இருக்கேன்னு போஸ்டல் முன்மொழிஞ்சார். இன்னைக்கு ஐயானா-ன்னு சொல்றோமே, ரொம்ப வருஷத்துக்கு அதுக்கு அர்த்தம் அவரும், ஜாய்ஸ் ரெனால்ட்ஸும், அவங்க பராமரிச்ச ஒரு பட்டியலும்தான். உங்க விஎம்-க்குள்ள எஸ்எஸ்ஹெச் பண்றப்ப போர்ட் 22 போடுறீங்க இல்ல? 1995ல ததூ யிலோனன் ஐயானா-வுக்கு மெயில் போட்டு வாங்கின நம்பர் அது.

1977ல லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஐஎஸ்ஐ ஆய்வு நிறுவனத்துல சேர்ந்தார். அந்த வருஷம் ஆகஸ்ட்ல அவர் எழுதின ஒரு குறிப்புதான், என்னைக் கேட்டா, அவர் செஞ்சதிலேயே பெரிய விஷயம். அப்ப டிசிபி-ங்கிறது ஒரே பெரிய கட்டி. பாக்கெட் எந்த வழியா போகணும்ங்கிறதும், போன டேட்டா முழுசா போய்ச் சேர்ந்ததாங்கிறதும் ஒரே நெறிமுறைக்குள்ள கலந்து கிடந்துச்சு. இது தப்பு, அடுக்குகளைப் பிரிக்கணும்னு போஸ்டல் வாதாடினார். நடுவுல இருக்கிற கேட்வே வழியை மட்டும் பார்த்தா போதும், முழுசா வந்துச்சாங்கிறது ரெண்டு முனையில இருக்கிறவங்க கவலை. அடுத்த வருஷமே டிசிபி தனி, ஐபி தனின்னு பிரிஞ்சுது.

இதுக்கும் உங்க விஎம்-க்கும் என்ன சம்பந்தம்? நேரடி சம்பந்தம். ஐபி ஹெடர்ல அனுப்புறவர் முகவரி, பெறுறவர் முகவரி ரெண்டும் இருக்கு, ஒவ்வொண்ணும் 32 பிட். வழி சொல்ல இது போதும். பிரிட்ஜ்டு மோடுல விஎம்-க்குத் தனி மேக் முகவரி, தனி ஐபி. அதோட பாக்கெட் நேரா ரூட்டருக்குப் போகும், ஹோஸ்ட்டோட ரூட்டிங் டேபிளைத் தொடவே தொடாது. அதனாலதான் ஹோஸ்ட்டோட விபிஎன் அதைப் பிடிக்கிறதில்ல.

பிரிட்ஜ் சரிப்படலைன்னா லினக்ஸ்ல இன்னொரு வழி இருக்கு. விஎம்-ஐ ஒரு தனி சப்நெட்ல வெச்சு, ஹோஸ்ட்டையே அதுக்கு ரூட்டர் ஆக்கணும். வழக்கமான ரூட்டிங் பெறுறவர் முகவரியை மட்டும்தான் பார்க்கும். ஐபி ரூல் கட்டளையால, இந்த சப்நெட்லிருந்து கிளம்புறதுக்கு அந்த ரெண்டாவது டேபிளைப் பார்னு சொல்லிடலாம். அந்த டேபிள்ல டிஃபால்ட் ரூட் வேற. ஒரே கெர்னல், ரெண்டு வழி. பாக்கெட்டுக்குள்ள டிசிபி இருக்கா யுடிபி இருக்கான்னு கெர்னல் திறந்து பார்க்கவே வேண்டாம்.

நாட் மோடு இதுக்கு நேர் எதிர். விஎம் 10.0.2.15-ங்கிற முகவரியில ஒளிஞ்சிருக்கும், வெளியே தெரியறது ஹோஸ்ட் மட்டும்தான். யாருக்கு எந்தப் பதில்னு பிரிக்க நடுவுல இருக்கிற மெஷின் போர்ட் நம்பரையே மாத்தி எழுதணும். போஸ்டல் பிரிச்சு வெச்ச அடுக்கை மறுபடி கலக்குற வேலை. வசதிதான், ஆனா வெளியிலிருந்து விஎம்-க்குள்ள வரணும்னா போர்ட் ஃபார்வர்டிங்னு அல்லாடுறோமே, அந்தத் தொல்லை இங்கிருந்துதான் வருது.

1980ல யுடிபி, 1981ல ஐபி, ஐசிஎம்பி, டிசிபி, 1982ல மெயிலுக்கான எஸ்எம்டிபி. எல்லா ஆவணத்திலயும் அவர் பேர் இருக்கும். 1983 ஜனவரி 1 ஆர்பாநெட் முழுசா டிசிபி/ஐபி-க்கு மாறுச்சு, அந்த மாற்றத்துக்கான திட்டத்தை எழுதினதும் அவர்தான். நீளமான தாடி, காலில் செருப்பு. ராணுவப் பணத்துல நடந்த ஒரு திட்டத்தோட கணக்குப்பிள்ளை இவர்தான்னு பார்த்தா நம்ப முடியாது.

அப்புறம் இன்டர்நெட்ல பணம் புகுந்துச்சு. டொமைன் பேர்களை விக்கிற வேலை, அமெரிக்க அரசோட ஒப்பந்தத்துல நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் கம்பெனி கையில இருந்துச்சு. எல்லா ரூட் சர்வருக்கும் மூலப் பிரதி அவங்க சர்வர்தான். 1998 ஜனவரி 28 அன்னைக்கு போஸ்டல் எட்டு ரூட் சர்வர்களை நடத்துறவங்களுக்கு மெயில் போட்டார். மூலப் பிரதியை இனிமே அங்கிருந்து எடுக்காதீங்க, ஐயானா சர்வர்லிருந்து எடுங்கன்னு. எட்டு பேரும் மாத்திட்டாங்க. அவர்கிட்ட சட்ட அதிகாரம்னு எதுவும் கிடையாது. அவர் சொன்னா சரியா இருக்கும்ங்கிற இருபத்தஞ்சு வருஷ நம்பிக்கை மட்டும்தான்.

ரெண்டு பக்கமும் ஒரே தகவல் இருந்ததால பயனர் யாருக்கும் ஒண்ணும் தெரியல. வெள்ளை மாளிகைக்குத் தெரிஞ்சுது. கிளின்டனோட ஆலோசகர் ஐரா மாகசைனர் தலையிட்டார். இது ஒரு சோதனைன்னு சொல்லி, சில நாள்ல போஸ்டல் எல்லாத்தையும் பழையபடி மாத்திட்டார்.

இதை வீரம்னு சொல்றவங்களும் உண்டு, அத்துமீறல்னு சொல்றவங்களும் உண்டு. நீங்களே யோசிங்க. ஒரு மெயில்ல உலகத்தோட பெயர்ப் பட்டியலைத் திருப்ப முடியும்னா, அந்த மெயிலை நல்லவர் அனுப்பினார்ங்கிறது நம்ம அதிர்ஷ்டம். அடுத்தவரும் நல்லவரா இருப்பார்னு என்ன நிச்சயம்? இந்தக் கேள்வி அவருக்கும் இருந்திருக்கணும். ஏன்னா அந்த வருஷம் முழுக்க அவர் உழைச்சது, தன் வேலையைத் தன்கிட்டேயிருந்து பிரிச்சு ஒரு அமைப்புகிட்ட கொடுக்கத்தான். ஐகேன் 1998 செப்டம்பர் 30 பதிவாச்சு.

அது இயங்குறதை அவர் பார்க்கல. இதய வால்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு, அக்டோபர் 16 அன்று லாஸ் ஏஞ்சலஸ்ல இறந்தார். வயசு 55. பள்ளித் தோழன் வின்ட் செர்ஃப் அவருக்கு எழுதின இரங்கல் ஆர்எஃப்சி வரிசையிலேயே 2468ஆம் எண்ணா வந்தது.

அடுத்த தடவை பிரிட்ஜ்டு போட்டதும் விஎம்-க்குள்ள ஒரு டெர்மினல் திறந்து உங்க ஐபி என்னன்னு பாருங்க. பிறகு ஹோஸ்ட்லயும் பாருங்க. ரெண்டும் வேற வேறயா இருக்கும். அப்படியே ஆர்எஃப்சி 791ஐயும் ஒரு தடவை திறந்து படிங்க. நாப்பத்தஞ்சு பக்கம்தான், இலவசம்.