பஞ்சாங்கக் குடும்பத்திலிருந்து வந்த நட்சத்திர ஆராய்ச்சியாளர்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரைப் பக்கம் போகிறவர்கள் நுங்கம்பாக்கத்தில் இறங்கினால், வானிலை ஆய்வு நிலைய வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் கட்டிய சென்னை வான ஆராய்ச்சி நிலையத்தின் எச்சம் அது. அந்த நிலையத்தில் இரவு இரவாகக் கண்விழித்து உழைத்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார்.

பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இளமையிலேயே நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, முதல் உதவியாளராக உயர்ந்தார். 1861-இல் தலைவராக வந்த போக்சன் துரை, நட்சத்திரங்களின் ஒளியை அளக்க இன்றும் உலகமே கைக்கொள்ளும் கணக்கை வகுத்தவர். அவரிடம் ஆச்சாரியாருக்குக் கிடைத்த பயிற்சி வீண் போகவில்லை.

1867 ஜனவரியில் அது பலித்தது. சென்னையிலிருந்து பார்த்தால் தென் அடிவானத்துக்கு மேல் பதினான்கு பாகை உயரம்கூட ஏறாத ஒரு நட்சத்திரம். பரங்கிமலைக்கும் தாம்பரத்துக்கும் மேலே தாழ்வாகத் தோன்றி மறைவது. அதன் ஒளி கூடிக் குறைவதை ஆச்சாரியார் கண்டுபிடித்தார். ‘ஆர் ரெட்டிகுலி’ என்பது அதன் பெயர். ஏறக்குறைய 278 நாட்களுக்கு ஒரு முறை அது பிரகாசமடைந்து மங்குகிறது.

ஆனால் அவர் டெலஸ்கோப்பில் கண்டது அதன் ஒளியில் சிறு பங்குதான். இவ்வகை நட்சத்திரங்கள் வயதாகி ஊதிப் பெருத்துக் குளிர்ந்தவை. அவை வெளியிடுவதில் பெரும்பகுதி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர். 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் வெறும் வெப்பமானியை வைத்துக் கண்டறிந்த கதிர் அது. காற்றிலுள்ள ஈரம் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால், 1983-இல் ‘ஐராஸ்’ என்ற டெலஸ்கோப்பை விண்வெளிக்கே அனுப்பினார்கள். டெலஸ்கோப்பின் சொந்தச் சூடே கதிரை மறைத்துவிடும் அல்லவா? அதனால் திரவ ஹீலியத்தில் குளிரவைத்தார்கள். பத்து மாதத்தில் ஹீலியம் தீர்ந்தது; வேலையும் நின்றது.

இங்கே ஒரு வேடிக்கையான பொருத்தம். 1868 ஆகஸ்ட் 18-ஆம் தேதி முழுச் சூரிய கிரகணத்தை ஆராய ஆச்சாரியார் நிஜாம் சீமையிலுள்ள வனபர்த்திக்குப் போனார். மசூலிப்பட்டினம் போனவர் போக்சன். அன்று சூரியனருகே தெரிந்த மஞ்சள் கோடுதான் பிறகு ஹீலியம் என்று பெயர் பெற்றது!

1872-இல் லண்டன் ராயல் வானியல் சங்கம் ஆச்சாரியாரை உறுப்பினராக்கியது. அந்நாளில் இந்தியருக்குக் கிட்டாத கௌரவம். அதைவிட அவர் மனத்தை உறுத்தியது சொந்த வீட்டு விஷயம். பழைய வாய்பாடுகளைக் கொண்டு கணித்த பஞ்சாங்கம் வானத்தில் நடப்பதோடு பொருந்தவில்லை. கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும் என்றார். தாத்தா பாட்டன் கணக்கைத் தவறென்று சொல்ல அக்காலத்தில் எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 1874-இல் சுக்கிரன் சூரியனைக் கடந்தபோது, ஜனங்களுக்குப் புரியும்படி சித்தாந்தி ஒருவரோடு உரையாடுவதாகவே புத்தகம் எழுதினார்.

1880 பிப்ரவரி 5-ஆம் தேதி ஆச்சாரியார் காலமானார். 1899-இல் வான ஆராய்ச்சி கொடைக்கானலுக்குப் போய்விட்டது. தாம்பரம் கடைத்தெருவில் கேட்டால் வாக்கியப் பஞ்சாங்கமும் கிடைக்கும், திருக்கணிதமும் கிடைக்கும். வழக்கு இன்னும் தீரவில்லை.