பூஜ்யம் என்றொரு நடிகர்
இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (கணிதம்)

கணிதம் படிக்கும் எனக்குப் பூஜ்யத்தின்மீது தனி மதிப்பு உண்டு. விடைத்தாளில் அதைப் பலமுறை நேரில் சந்தித்தவன் என்பதால் மட்டும் சொல்லவில்லை! பூஜ்யத்தையே பெயராக வைத்துக்கொண்டு அமெரிக்க மேடையைக் கலகலக்க வைத்த ஒருவர் இருந்தார். அவர்தான் ஸீரோ மோஸ்டல்.

விடுதி நண்பனின் கைப்பேசியில் ‘தி புரொட்யூசர்ஸ்’ என்ற பழைய படத்தைப் பார்த்தபோதுதான் அவரை அறிந்தேன். மெல் புரூக்ஸ் எழுதி இயக்கிய முதல் படம் அது. வெளிவந்த ஆண்டு 1967. நொடித்துப்போன நாடகத் தயாரிப்பாளர் மேக்ஸ், பணக்கார மூதாட்டிகளிடம் இனிக்க இனிக்கப் பேசி முதல் திரட்டிக் காலம் தள்ளுகிறார். கணக்குப் பார்க்க வந்த லியோ புளூம் என்னும் பயந்தாங்கொள்ளி, வெற்றி பெற்ற நாடகத்தைவிடத் தோற்ற நாடகத்தில் அதிகம் சம்பாதிக்கலாமே என்று வாய்தவறிச் சொல்லிவிடுகிறான்.

எப்படி? நம் வகுப்புக் கரும்பலகையிலேயே போட்டுப் பார்ப்போம். நாடகத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் போதும். இலாபத்தில் பாதி உமக்கு என்று சொல்லி இருபது பேரிடம் தலைக்கு 50,000 வாங்கினால் பத்து லட்சம் சேரும். விற்ற பங்கோ 1,000 சதவீதம்! நாடகம் ஓடிவிட்டால் இருபது பேரும் பாதி இலாபம் கேட்டு வாசலில் நிற்பார்கள். முதல் நாளே படுத்துவிட்டால்? இல்லாத இலாபத்தில் பங்கு கேட்பார் யார்? ஒன்பது லட்சம் பைக்குள். படத்தில் இவர்கள் விற்பது 25,000 சதவீதம்!

ஆகவே உலகிலேயே மட்டமான நாடகத்தைத் தேடுகிறார்கள். ஹிட்லரைப் போற்றி ஒரு பழைய நாஜி எழுதிய நாடகம் கிடைக்கிறது. அதற்கேற்ற இயக்குநர், அதற்கேற்ற நடிகர். திரை விலகியதும் கூட்டம் வாயடைத்துப் போகிறது; சிலர் எழுந்து வெளியேறுகிறார்கள். பிறகு இது கேலி நாடகம் போலும் என்றெண்ணி ஒருவர் சிரிக்க, அரங்கமே சிரிக்கிறது. மாபெரும் வெற்றி! தொலைந்தார்கள் இருவரும். சிறைக்குப் போன பிறகும் கைதிகளை வைத்து நாடகம் போட்டுப் பங்கு விற்கிறார்கள்.

(சென்ற ஆண்டுக் கல்லூரி விழாவில் நாங்கள் போட்ட நாடகம் எந்தத் திட்டமும் இல்லாமலேயே படுதோல்வி அடைந்தது. பங்கு விற்கத்தான் எங்களுக்குத் தோன்றவில்லை.)

ஒரு காதோரத்து முடியை இழுத்து வழுக்கையில் ஒட்டிக்கொண்டு, விழிகளை உருட்டி உருட்டி அந்த மேக்ஸாக நடித்தவர்தான் மோஸ்டல். அவரைப் பற்றித் தேடிப் படிக்கப் படிக்க வியந்தேன். படத்தில் ஒரே பங்கை ஊருக்கெல்லாம் விற்றவர், வாழ்க்கையில் ஒரு நண்பனின் பெயரைக்கூட விற்க மறுத்தவர்!

நியூயார்க்கின் புரூக்ளினில் 1915 பிப்ரவரி 28-ல் பிறந்தார். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பம். வீடு நிறையப் பிள்ளைகள். சாமுவேல் என்பது பெற்றோர் இட்ட பெயர். படித்தது நியூயார்க் சிட்டி கல்லூரியில். அந்நாளில் அது கட்டணம் வாங்காத கல்லூரி. குடியேறிய ஏழைகளின் பிள்ளைகள் நிறைந்திருந்த இடம். 1935-ல் பட்டம் பெற்றார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் படிக்கும் பாடத்தின் பெயரைச் சொல்ல என் தந்தை இன்றும் ஒரு கணம் தயங்குவார். ஆதலால் அந்தக் கல்லூரி எனக்குப் பக்கத்து ஊர்க் கல்லூரியாகவே தோன்றியது.

அவர் அடிப்படையில் ஓவியர். அருங்காட்சியகங்களில் ஓவியங்களை விளக்கிப் பேசப் போனவர், கூட்டத்தைச் சிரிக்க வைத்தார். அதுவே 1942-ல் அவரை இரவு விடுதி மேடைக்குக் கொண்டு சேர்த்தது. ஸீரோ என்ற பெயரும் அங்கேதான் ஒட்டியது. பிறகு திரைப்படங்கள்.

அமெரிக்காவில் பொதுவுடைமையரை வேட்டையாடிய காலம் வந்தது. 1952-ல் ஒரு திரைக்கதையாசிரியர் விசாரணைக் குழுவின்முன் மோஸ்டலின் பெயரைச் சொன்னார். பட வாய்ப்புகள் அற்றுப்போயின. அவருடைய நண்பரும் நடிகருமான பிலிப் லோப், அதே கறுப்புப் பட்டியலால் பிழைப்பிழந்து, 1955 செப்டம்பரில் ஓட்டல் அறையொன்றில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கு ஆறு வாரங்களுக்குப் பின், அக்டோபர் 14 அன்று, மோஸ்டல் குழுவின்முன் அமர்ந்தார். கூட்டாளிகளின் பெயரைச் சொன்னவர்களுக்கு மீண்டும் வேலை கிடைத்துக்கொண்டிருந்த நேரம் அது. அவரோ தமக்கெதிராகத் தாமே சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்னும் ஐந்தாம் சட்டத் திருத்தத்தைக் காட்டி மறுத்தார். முன்பு நடித்த பட நிறுவனத்தைக் கேட்டபோது, ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸைப் பதினெட்டாம் நூற்றாண்டு ஃபாக்ஸ் என்று மாற்றிச் சொன்னார். அங்கே போயும் வேடிக்கை!

கதவுகள் மூடியே கிடந்தன. ஓவியம் தீட்டினார். 1958-ல் சிறிய அரங்கொன்றில் ஜேம்ஸ் ஜாய்சின் லியோபோல்ட் புளூமாக நடித்துப் பரிசு பெற்றார். 1960 ஜனவரியில் பஸ் மோதி இடக்கால் நசுங்கியது. காலை எடுக்க வேண்டும் என்றார்கள். சம்மதிக்காமல் மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். அந்தக் காலோடுதான் 1961-ல் ‘ரைனோசரஸ்’ நாடகத்தில், ஒப்பனை ஏதுமின்றி மேடையிலேயே காண்டாமிருகமாக மாறிக் காட்டினார். டோனி விருது வந்தது.

மறு ஆண்டு நடந்ததைத்தான் நான் அடிக்கடி நினைக்கிறேன். அவர் நடித்த புதிய இசை நாடகம் வெளியூர் ஒத்திகைக் காட்சிகளிலேயே தடுமாறியது. காப்பாற்ற அழைக்கப்பட்டவர் ஜெரோம் ராபின்ஸ். 1953-ல் அதே குழுவின்முன் போய்ப் பெயர்களைச் சொன்னவர் அவர்! மோஸ்டல் வேண்டாம் என்று சொல்லவில்லை. நட்பு பாராட்டவும் இல்லை. வேலை நடந்தது, நாடகம் பிழைத்தது, மோஸ்டலுக்கு இரண்டாவது டோனி. 1964-ல் ‘ஃபிட்லர் ஆன் தி ரூஃப்’ நாடகத்தையும் ராபின்ஸே இயக்கினார். அதில் ஏழைப் பால்காரர் டெவ்யேவாக நடித்து மூன்றாவது டோனி பெற்றார். நானாயிருந்தால் அந்த ஒத்திகை அறைக்குள் நுழைந்திருப்பேனா? தெரியவில்லை.

1976-ல் ‘தி ஃப்ரன்ட்’ என்ற படம். எழுதியவர், இயக்கியவர் இருவருமே கறுப்புப் பட்டியலில் இருந்தவர்கள். வேலையிழந்து, ஓட்டல் சன்னல் வழியே குதித்துச் சாகும் நகைச்சுவை நடிகராக மோஸ்டல் நடித்தார். லோபின் கதையைத் தழுவிய பாத்திரம் அது.

மறு ஆண்டு, ஷைலாக்கைப் புதிய கோணத்தில் காட்டும் ‘தி மெர்ச்சன்ட்’ நாடகத்துக்காக ஃபிலடெல்ஃபியா சென்றார். ஒரே ஒரு முன்னோட்டக் காட்சிதான் நடித்தார். 1977 செப்டம்பர் 8 அன்று மறைந்தார், வயது 62. அவரில்லாமல் நியூயார்க் போன நாடகம் சில நாட்களிலேயே நின்றுவிட்டது. இதைச் சொன்னதும், அதில் எத்தனை சதவீதம் பங்கு விற்றார்களாம் என்று கேட்டான் என் விடுதி நண்பன். மற்ற நேரமாயிருந்தால் சிரித்திருப்பேன்.