தொழிலாளரின் டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன்

நியூயார்க் நகரில் 1869-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி பிறந்தவர் ஆலிஸ் ஹாமில்டன். வசதியான குடும்பம். பெண்கள் டாக்டருக்குப் படிப்பது அபூர்வமாக இருந்த அக்காலத்தில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயின்று 1893-ல் பட்டம் பெற்றார்.

1897-ல் சிகாகோ சென்ற அவர், ஜேன் ஆடம்ஸ் அம்மையார் நடத்தி வந்த ஹல் ஹவுஸ் என்ற சமூக சேவை இல்லத்தில் தங்கினார். அதைச் சுற்றிலும் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த தொழிலாளர்கள் குடியிருந்தனர். பாஷை தெரியாத அவர்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் அபாயமான வேலைகளே. ஈய ஆலைகளில் உழைத்தவர்கள் கடும் வயிற்று வலியால் துடித்தார்கள். சிலருக்கு மணிக்கட்டு செயலிழந்து கை தொங்கிப் போயிற்று.

1910-ல் இல்லினாய் மாநில அரசு, தொழில் நோய்களைப் பற்றி ஆராயும் பொறுப்பை ஆலிஸிடம் ஒப்படைத்தது. தொழிலாளர் கை கழுவாமல் சாப்பிடுவதால்தான் நோய் வருகிறது என்று முதலாளிகள் பலர் சொல்லி வந்தனர். ஆலிஸ் ஆலை ஆலையாக ஏறி இறங்கினார். ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைப் புரட்டினார். நோயாளிகளின் வீடு தேடிச் சென்று விசாரித்தார். ஆலைக் காற்றில் கலந்த ஈயத் தூசியும் புகையும் மூச்சு வழியே உள்ளே செல்வதே முக்கிய காரணம் என்று எடுத்துக்காட்டினார்.

பெரிய ஈயக் கம்பெனி ஒன்றின் உதவித் தலைவர் எட்வர்ட் கார்னிஷ், தம் ஆட்களுக்கு அந்த நோய் இல்லை என்று உறுதியாக நம்பினார். ஆலிஸ் 22 பேருடைய விவரங்களை ஆதாரத்துடன் அவர் முன் வைத்தார். கார்னிஷ் மனம் மாறினார். தூசியையும் புகையையும் அடக்க ஏற்பாடு செய்து, தொழிலாளரைப் பரிசோதிக்க டாக்டர்களையும் நியமித்தார்.

1911-ல் இல்லினாய் மாநிலம் தொழில் நோய்ச் சட்டம் இயற்றியது. நச்சுப் பொருள்களுடன் வேலை செய்வோருக்கு முதலாளி பாதுகாப்பு அளிக்கவும், மாதந்தோறும் மருத்துவப் பரிசோதனை நடத்தவும் அது வகை செய்தது.

1919-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அவரை உதவிப் பேராசிரியராக நியமித்தது. அங்கு ஆசிரியப் பதவி பெற்ற முதல் பெண் அவரே. ஆனால் ஆசிரியர் மன்றத்துக்குள் நுழையவும், பட்டமளிப்பு ஊர்வலத்தில் கலந்துகொள்ளவும் அவருக்கு அனுமதி இல்லை. பெட்ரோலில் ஈயம் கலப்பது ஆபத்து என்று 1925-ல் எச்சரித்தார், அது எடுபடவில்லை. அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கு அந்தப் பெட்ரோல் அடியோடு தடை செய்யப்பட்டது 1996-ல்தான்.

ஆலிஸ் 1970 செப்டம்பர் 22-ந் தேதி, 101-வது வயதில் காலமானார். அதே ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி, வேலையிடத்தை ஆபத்தின்றி வைத்திருப்பது முதலாளியின் கடமை என்ற சட்டம் அமெரிக்கா முழுவதற்கும் கையெழுத்தாயிற்று.