டாக்டர் கிரீந்திரசேகர போஸ்

மூன்று குன்றுகளை ஒரே மதிலால் வளைத்து நிற்பது எங்கள் செஞ்சிக் கோட்டை. இராஜகிரியின் உச்சியை அடைய விரும்புவோன் ஆழ்ந்த பிளவொன்றைப் பாலத்தின் வழியே கடத்தல் வேண்டும். கிருஷ்ணகிரிப் படிகளில் ஏறுவோனுக்கு அத்தகைய பிளவு எதிர்ப்படுவதில்லை. மதில் ஒன்றாயினும் ஏறும் வழி வேறு. மாந்தர் மனமும் இத்தகையதே. இருவருற்ற பிணியின் பெயர் ஒன்றாயிருப்பினும், அவர்தம் உள்ளத்துட் புகும் வழி ஒன்றாவதில்லை. பிணியின் அளவை மட்டுமன்றிப் பிணியுற்றானது அளவையும் மருத்துவன் நோக்குதல் வேண்டுமென்று திருவள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்துள் வற்புறுத்தியதை நாம் அறிவோம். அக்கருத்தை நம் நாட்டு உளமருத்துவத்திற் செயலாக்க முயன்றவருள் முதல்வர் வங்காளத்து அறிஞராகிய கிரீந்திரசேகர போஸ் ஆவார்.

இவர் 1887-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் தர்பங்கா சமஸ்தானத்துத் திவான். பரசுராமன் என்னும் புனைபெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதிப் புகழ்பெற்ற இராஜசேகர போஸ் இவர்தம் தமையனார். கிரீந்திரசேகரர் 1910-இல் கல்கத்தாவில் மருத்துவப் பட்டம் பெற்றார். இளமை முதலே மாயவித்தையிலும், மனோவசியம் எனப்படும் ஹிப்னாடிஸத்திலும் இவருக்கு ஈடுபாடு மிகுதி. அவ்வீடுபாடே மனநோயாளர்பால் இவரை ஈர்த்தது. பின்னர்க் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உளநூல் பயின்று, மனத்தில் அடக்கப்பட்ட வேட்கைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1921-இல் டாக்டர் பட்டமும் பெற்றார். அந்நூலை வியன்னா நகரத்துப் பேரறிஞர் பிராய்டுக்கு அனுப்பினார். அன்று தொடங்கிய கடிதப் போக்குவரத்து 1937 வரை நீண்டது. இருவரும் ஒருமுறையேனும் நேரிற் சந்தித்தாரல்லர். 1922-இல் பார்சிபாகான் சந்திலிருந்த தம் இல்லத்திலேயே போஸ் இந்திய உளப்பகுப்புக் கழகத்தை நிறுவினார்.

அக்காலத்து நிகழ்ச்சியொன்று சுவையானது. பிராய்டின் நிழற்படத்தையும் கண்டிராத யதீந்திரகுமார சேனர் என்னும் ஓவியர், கற்பனையாலேயே அவர் உருவை வரைந்தளித்தார். போஸ் அதனை வியன்னாவுக்கு அனுப்ப, பெற்ற பிராய்டு தாம் முழு ஆங்கிலேயராகவே தீட்டப்பட்டிருப்பதாகக் கருதினராம். காணாத ஒருவரை நாமறிந்த அச்சிலே வார்த்துவிடுவது எத்துணை எளிது!

மருத்துவத்தில் இவ்விடர் நேராவண்ணம் போஸ் விழிப்பாயிருந்தார். ஒவ்வொரு வேட்கையோடும் அதற்கு எதிரான வேட்கை ஒன்றும் உடன்பிறக்கிறதென்பது அவர் கொள்கை. பிறரை அடிக்க வேண்டுமென ஒருவன் விரும்பின், அடிபட வேண்டுமென்னும் விருப்பமும் அவனுள்ளத்தின் அடியிற் கிடக்கும். அஃது அடக்கப்படுவதாலேயே நோய் விளையும். ஆதலின் நோயாளன் தன்னைக் கற்பனையில் மற்றவன் நிலையில் வைத்துப் பார்க்குமாறு அவர் தூண்டுவார். நம் பக்கத்துக் கிணற்றேற்றத்தில் ஒருமுனை தாழ மறுமுனை எழுவதுபோல, இரு வேட்கைகளும் மாறிமாறி மேலெழுந்து வெளிப்படும். பிராய்டு முறையில் மருத்துவர் பெரும்பாலும் கேட்போராகவே இருப்பர். போஸோ வழிகாட்டும் ஆசான்போல உடனிருந்து நடத்தினார்.

1929-இல் அவர் துணிந்து ஒன்றை எழுதினார். தந்தை தன் ஆண்மையைச் சிதைத்துவிடுவாரோ என்று சிறுவன் கொள்ளும் அச்சம் ஐரோப்பிய நோயாளரிடம் காணப்படும் அளவுக்குத் தம் இந்திய நோயாளரிடம் முனைப்பாக இல்லை என்றும், பெண்ணாக வேண்டுமென்னும் விருப்பமே அவர்களிடம் எளிதில் வெளிப்படுகிறதென்றும் பிராய்டுக்குத் தெரிவித்தார். அவ்வச்சமோ பிராய்டின் கொள்கைக்குத் தூண்போன்றது. அதனை அசைத்துக் கூறுதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! பிராய்டு பண்போடு விடை எழுதினாரேனும், போஸின் கொள்கையை முழுதும் ஏற்றுக்கொண்டாரல்லர். அதனால் போஸ் நட்பையும் விடவில்லை. தாம் கண்டதையும் விடவில்லை. ஆயினும், கல்கத்தா நகரத்தில் தம்மிடம் வந்தோரைக் கொண்டு இந்தியர் அனைவரையும் ஓரினமாக்கியது தகுமோ என்னும் ஐயம் எனக்கு உண்டு. குமரி மீனவனும் காசிப் பண்டிதனும் ஒரே மனத்தினராவரோ?

1940-இல், தமையனார் உதவிய மனையில், லும்பினி பூங்கா என்னும் மனநோய் மருத்துவமனை தொடங்கப்பெற்றது. வங்கக் கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம் 1942-இல் நோயுற்றபோது அங்கே சேர்க்கப்பட்டார். 1947-இல் 'சமீக்ஷா' என்னும் உளப்பகுப்பு ஏடும் கழகத்திலிருந்து வெளிவரலாயிற்று. கீதைக்கு விளக்கமும், கனவைப் பற்றியும் புராணங்களைப் பற்றியும் நூல்களும், சிறுவர்க்கு எறும்புக் கதையும் வங்கமொழியில் இயற்றிய போஸ், 1953-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் காலமானார்.